பாரிஸ்–ரூபே: 122 பந்தயம், 123 பெயர்

கேள்வி: எங்கள் சைக்கிள் மன்றத்தின் ஆண்டு விழாவில் வினாடி வினா நடத்தும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தை வென்றவர்களை வைத்து ஒரு சுற்று நடத்தலாம் என்று பட்டியல்களைத் தேடினேன். ஒன்றில் பிரான்ஸ் 28 முறை வென்றதாக இருக்கிறது, இன்னொன்றில் 30. 1949ஆம் ஆண்டுக்கு ஓரிடத்தில் ஒரு பெயர், வேறோரிடத்தில் இரண்டு. 1934இல் முதலில் வந்து சேர்ந்தவர் ஒருவர், பட்டியலில் இருப்பவர் மற்றொருவர். எதை நம்பி விடைத்தாள் எழுதுவது? போன ஆண்டு ஒரே ஒரு விடைக்காக அரங்கில் அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. இந்த முறை அது வேண்டாம்.

பதில்: முதலில் ஒரு கூட்டல் கணக்கு போடுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

வட பிரான்சின் கல் பாவிய சாலைகளில் ஓட்டும் இந்த ஒரு நாள் பந்தயம் 1896இல் தொடங்கியது. அதிலிருந்து 2025 வரை 130 ஆண்டுகள். முதல் உலகப் போரினால் 1915 முதல் 1918 வரை நான்கு ஆண்டுகள் நடக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் 1940, 1941, 1942 ஆகிய மூன்று ஆண்டுகள் நின்றது. கொரோனா பரவிய 2020இலும் நடக்கவில்லை. இந்த எட்டையும் கழித்தால் 122 பந்தயங்கள். 1949இல் மட்டும் இருவருக்குப் பட்டம் பகிர்ந்து தரப்பட்டதால் வெற்றிக் கணக்கில் 123 பெயர்கள் இருக்க வேண்டும். நாடுவாரியாகப் பார்த்தால் பெல்ஜியம் 57, பிரான்ஸ் 28, இத்தாலி 14, நெதர்லாந்து 10, சுவிட்சர்லாந்து 4, அயர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரேலியா தலா 2, லக்சம்பர்க், மால்டோவா, சுவீடன், ஸ்லோவாக்கியா தலா 1. கூட்டிப் பாருங்கள், 123 வரும். நீங்கள் எடுத்த பட்டியலில் 122 வந்தால் 1949இன் இரண்டு பெயர்களில் ஒன்று விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

அப்படியானால் பிரான்ஸுக்கு 30 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? மோரிஸ் காரின் என்ற ஒரே மனிதரிடமிருந்து. 1903இல் முதல் டூர் டி பிரான்ஸை வென்ற அதே காரின்தான். 1897, 1898 இரண்டு ஆண்டுகளும் ரூபேயில் வென்றவர். வட பிரான்சில் வாழ்ந்தவர், பிரெஞ்சு வீரராகவே நினைவுகூரப்படுபவர். ஆனால் பிறந்தது இத்தாலியின் ஆவோஸ்தா பள்ளத்தாக்கில். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றது 1901இல். அதாவது ரூபேயில் வென்ற இரண்டு முறையும் அவர் இத்தாலியர். அவரைப் பிரெஞ்சுக்காரராக எண்ணினால் பிரான்ஸ் 30, இத்தாலி 12. வென்ற நாளின் குடியுரிமையை வைத்து எண்ணினால் 28, 14. பின்னதே சரியான முறை என்பது என் கருத்து. காரணம், மற்ற எல்லோருக்கும் அந்த அளவுகோலைத்தான் வைக்கிறோம். 1960இல் வென்ற பீனோ செராமி இத்தாலியில் பிறந்தவர். ஆனால் அதற்குள் பெல்ஜியக் குடிமகனாகிவிட்டதால் பெல்ஜியத்தின் கணக்கில் வருகிறார். 1994இல் வென்ற அந்திரேய் ச்மில் பின்னாளில் பெல்ஜியரானார், இருந்தாலும் அந்த வெற்றி மால்டோவாவின் பேரில்தான் நிற்கிறது. செராமிக்கு ஒரு நீதி, காரினுக்கு வேறு நீதி என்று வைக்க முடியாது. கேள்வியிலேயே ‘வென்ற நாளில் இருந்த குடியுரிமைப்படி’ என்று நான்கு சொல் சேர்த்துவிடுங்கள், வாக்குவாதத்துக்கு இடமே இருக்காது.

இனி 1949. இந்தப் பந்தய வரலாற்றில் எனக்கு மிகவும் மனம் கனக்கும் ஆண்டு இது.

ரூபே பந்தயம் முடிவது ஒரு வெலோட்ரோமில். வளைவுகளில் சாய்வு வைத்துக் கட்டிய 500 மீட்டர் கான்கிரீட் தளம். சாலையிலிருந்து உள்ளே திரும்பி, தளத்தில் ஒன்றரைச் சுற்று சுற்றி முடிக்க வேண்டும். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டி மிதித்து, முகமெல்லாம் புழுதி அப்பி, கண் மங்கி வருகிறவருக்கு எந்த வாசல் என்று யோசிக்கவா முடியும்? வழிகாட்டுகிறவர் கையைக் காட்டும் பக்கம் திரும்புவார். அன்று முன்னணியில் வந்த மூவருக்குத் தவறான வழி காட்டப்பட்டது. பத்திரிகையாளர் பகுதியின் பக்கமாக எப்படியோ உள்ளே நுழைந்து தளத்தை அடைந்தார்கள். அந்த மூவரில் ஆந்திரே மாஹே கடைசி விரைவோட்டத்தில் வென்றார். சற்று நேரத்தில் சரியான வாசல் வழியே மற்ற வீரர்களின் பெருங்கூட்டம் வந்தது. அதில் முதலாவதாக வந்தவர் செர்ஸே கோப்பி, மாபெரும் வீரர் ஃபௌஸ்தோ கோப்பியின் தம்பி. முன்னால் வந்தவர்கள் முழுப் பாதையையும் ஓட்டவில்லையே என்று இத்தாலியத் தரப்பு முறையிட்டது. வழக்கு நடுவர்களிடமிருந்து பிரெஞ்சு சைக்கிள் சம்மேளனத்துக்கும், அங்கிருந்து சர்வதேச சம்மேளனத்துக்கும் போனது. மாதக்கணக்கில் இழுத்தது, தீர்ப்பு மாறி மாறி வந்தது. கடைசியில் அந்த ஆண்டு நவம்பரில் இருவரும் கூட்டு வெற்றியாளர்கள் என்று முடிவானது.

மாஹே தவறு செய்தாரா? இல்லை. செர்ஸே கேட்டது அநியாயமா? அதுவும் இல்லை. இரண்டு ஆண்டுகளில், 1951இல், வேறொரு பந்தயத்தில் விழுந்து தலையில் அடிபட்டு செர்ஸே இறந்துபோனார். அண்ணன் ஃபௌஸ்தோ அதற்கு முந்தைய ஆண்டு, 1950இல், ரூபேயைத் தனியாக வந்து வென்றிருந்தார். ஆக, அண்ணன் தம்பி இருவர் பெயரும் அடுத்தடுத்த ஆண்டுகளில் பட்டியலில் இருக்கின்றன. உங்கள் விடைத்தாளில் 1949க்கு இரண்டு பெயர்களையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் சொல்கிற அணிக்கு அரை மதிப்பெண்.

1934ஐப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அன்று முடிவுக் கோட்டை முதலில் தாண்டியவர் ரோஜே லாபெபி. வழியில் டயர் பழுதாகி வேறொரு சைக்கிளை வாங்கி ஓட்டிவந்தார், அக்கால விதிப்படி அது குற்றம். பட்டம் கஸ்தோன் ரெப்ரிக்குப் போனது. இது தனி ஒரு நிகழ்ச்சி அல்ல. 1930இல் முதலில் வந்த ழான் மாரெஷால், ஜூலியன் வெர்வாகேயைக் கீழே விழச்செய்தார் என்ற குற்றச்சாட்டில் இரண்டாம் இடத்துக்கு இறக்கப்பட்டார். 1936இல் ரோமன் மாஸ் முந்தினார் என்று பார்த்தவர்கள் பலர் சொல்ல, நடுவர்கள் ஜோர்ஜ் ஸ்பைஷேயின் பெயரை எழுதினார்கள். புகைப்படம் எடுத்து முடிவு செய்யும் வசதி பரவாத காலம். நடுவரின் கண் பார்த்ததுதான் தீர்ப்பு. 1990இல் எடி பிளாங்கார்ட்டும் கனடாவின் ஸ்டீவ் பாவரும் ஒருசேர வந்தபோது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் பிளாங்கார்ட் வென்றதை அறிவிக்க முடிந்தது. அப்படியொரு படம் 1936இல் இருந்திருந்தால் பட்டியலே மாறியிருக்குமோ என்னவோ.

ஆகவே ‘யார் முதலில் வந்தார்?’ என்று எந்தக் கேள்வியிலும் எழுதாதீர்கள். ‘அதிகாரப்பூர்வ வெற்றியாளர் யார்?’ என்று எழுதுங்கள். 2006ஐ நினைத்துக்கொள்ளுங்கள். ஃபாபியன் கான்சலாரா தனியாக முன்னே போய்விட்டார். அவருக்குப் பின்னால் வந்த ஹோஸ்ட், வான் பீட்டகம், குசேவ் மூவரும் மூடியிருந்த ரயில்வே கேட்டைத் தாண்டிப் போனார்கள். பந்தயம் முடிந்ததும் மூவரும் தகுதி நீக்கம். ஐந்தாவதாக வந்த டாம் போனன் இரண்டாம் இடத்துக்கு ஏறினார். வெற்றியாளர் மாறவில்லை, ஆனால் ‘2006இல் இரண்டாவது யார்?’ என்று நீங்கள் கேட்டிருந்தால் அரங்கம் மறுபடி இரண்டுபட்டிருக்கும்.

அதிக வெற்றி பற்றிய கேள்வி எல்லோரும் கேட்பதுதான். ரோஜர் டி ஃப்ளேமிங்க் (1972, 1974, 1975, 1977), டாம் போனன் (2005, 2008, 2009, 2012) இருவரும் தலா நான்கு. போனனின் ஐந்தாவது வெற்றியைத் தடுத்தவர் யார் என்று கேட்டால் சுற்று சூடுபிடிக்கும். 2016, ஆஸ்திரேலியாவின் மாத்யூ ஹேமன். பந்தயத்துக்கு ஆறு வாரத்துக்கு முன் கை எலும்பு முறிந்தவர். சாலையில் இறங்க முடியாத நாட்களில் வீட்டுக்குள் நிறுத்திவைத்த சைக்கிளில் பயிற்சி செய்து, அதே வெலோட்ரோமில் போனனை முந்தினார். மூன்று முறை வென்றவர்கள் எட்டுப் பேர்: லாபீஸ், ரெப்ரி, வான் லோய், மெர்க்ஸ், மோசர், முசேவ், கான்சலாரா, வான் டெர் போல். அந்த மூன்றையும் தொடர்ந்து வென்றவர்கள் மூவரே: ஒக்தாவ் லாபீஸ் 1909–1911, பிரான்செஸ்கோ மோசர் 1978–1980, மத்தியு வான் டெர் போல் 2023–2025. டி ஃப்ளேமிங்க் இந்த வரிசையில் இல்லை என்பது பலரையும் ஏமாற்றும். நாட்டைப் பற்றிக் கேட்பதானால் 1968 முதல் 1977 வரை பத்து ஆண்டுகளும் பெல்ஜிய வீரர்களே வென்றார்கள், அதைக் கேளுங்கள்.

வேகக் கேள்விக்கு ஒரு எச்சரிக்கை. 1964இல் பீட்டர் போஸ்ட் மணிக்கு சராசரி 45.129 கிலோமீட்டரில் வென்றது 2017 வரை சாதனையாக நின்றது. போஸ்ட் பெரிய வீரர், ஐயமில்லை. ஆனால் அந்தக் காலத்தில் வட பிரான்சின் கல் பாவிய சாலைகள் ஒவ்வொன்றாகத் தார்ச்சாலையாகிக்கொண்டிருந்தன. பந்தயத்தின் உயிரே கையை விட்டுப் போகும் நிலை வந்தபின்தான் அமைப்பாளர்கள் பழைய பாதைகளைத் தேடி அலைந்தார்கள். பிரெஞ்சு வீரர் ழான் ஸ்தாப்லின்ஸ்கி தம் ஊர்ப் பக்கத்து ஆரன்பர்க் காட்டுப் பாதையைக் காட்டிக்கொடுத்தார். இளமையில் அதற்கு அடியில் ஓடிய நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் அவர். 1968இல் சேர்க்கப்பட்ட அந்த இரண்டரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த நேர்கோடு, இருபுறமும் மர நிழல் கவிந்து, கல்லிடுக்கில் பாசியும் ஈரமுமாக இன்றும் வீரர்களை உதறிப்போடுகிறது. அந்தப் பாதையையும் உள்ளடக்கி, ஏறத்தாழ 55 கிலோமீட்டர் கல் சாலையில் போய், 2024இல் வான் டெர் போல் 47.802 கிலோமீட்டர் சராசரியில் வென்றார். கடைசி 60 கிலோமீட்டரும் தன்னந்தனியாக. 1964ஐயும் 2024ஐயும் ஒரே அளவுகோலில் நிறுத்தி ‘யார் சிறந்தவர்?’ என்று கேட்பது நியாயமில்லை. எண்ணை மட்டும் கேளுங்கள்.

பெண்கள் பந்தயத்தை விட்டுவிடாதீர்கள். உங்களுக்குக் கிடைத்த பட்டியல்களில் அது தனியாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. 2020இல் நடக்க வேண்டிய முதல் பந்தயம் கொரோனாவால் தள்ளிப்போய் 2021 அக்டோபரில் நடந்தது. வசந்த காலத்தில் நடக்க வேண்டியது இலையுதிர் காலத்துக்குப் போன ஆண்டு அது, ஆண்களுக்கும் அப்படித்தான். பிரிட்டனின் லிசி டைக்னன் எண்பது கிலோமீட்டருக்கு மேல் தனியாக ஓட்டி வென்றார். கையுறை போடாத உள்ளங்கை கிழிந்து கைப்பிடியில் ரத்தம் ஒட்டியிருந்தது. பிறகு எலிசா லோங்கோ போர்கினி, அலிசன் ஜாக்சன், லாட்டே கோபெக்கி, 2025இல் போலின் ஃபெரான்-பிரேவோ. ஃபெரான்-பிரேவோவை வைத்து நல்ல கேள்வி ஒன்று உண்டு. டூர் டி பிரான்ஸையும் ரூபேயையும் வென்ற ஆண்களில் கடைசியாக ரூபேயில் வென்றவர் பெர்னார் இனோ, 1981இல். ‘ஆண்களில்’ என்ற சொல்லை விட்டுவிட்டால் விடை தவறாகிவிடும். ஃபெரான்-பிரேவோ இரண்டையும் 2025 என்ற ஒரே ஆண்டில் வென்றார்.

இந்தப் பந்தயத்துக்கு ‘வடக்கின் நரகம்’ என்ற பெயர் கல் சாலைகளால் வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அதைக் கேட்கப்போகிறீர்கள் என்றால் சரியான விடை முதல் உலகப் போர். 1919இல் மீண்டும் பந்தயம் நடத்த வழி பார்க்கப் போனவர்கள் கண்டது குண்டு விழுந்த குழிகளையும் கருகிய மரங்களையும் இடிந்த ஊர்களையும். வெற்றியாளர் பட்டியலின் பக்கத்திலேயே போர் நிற்கிறது. தொடர்ந்து மூன்று முறை வென்ற லாபீஸ் போர் விமானியாகி 1917இல் சுட்டு வீழ்த்தப்பட்டார். 1913இல் வென்ற லக்சம்பர்க்கின் பிரான்சுவா ஃபாபர் 1915இல் வட பிரான்சின் போர்முனையில் இறந்தார். 1912, 1914 இரண்டிலும் வென்ற உள்ளூர்க்காரர் ஷார்ல் குருப்பலானின் பெயரை ரூபே நகரின் கடைசிக் கல் பாதைக்கு வைத்திருக்கிறார்கள்.

சான்றாக என்ன காட்டுவது என்று யாராவது கேட்டால், ரூபே வெலோட்ரோமின் பழைய குளியலறை இருக்கிறது. இடுப்பளவு கான்கிரீட் தடுப்புச் சுவர்கள், மேலிருந்து தொங்கும் சங்கிலியை இழுத்தால் தண்ணீர். ஒவ்வொரு தடுப்பிலும் வென்றவர் பெயரும் ஆண்டும் பொறித்த சிறு பித்தளைத் தகடு. படங்கள் எளிதில் கிடைக்கின்றன. விழாவில் திரையில் ஒரு படத்தைக் காட்டி, ஆண்டை மறைத்துவிட்டுப் பெயரை மட்டும் தெரியவிட்டு, எந்த ஆண்டு என்று கேளுங்கள். கேள்வித்தாளின் தலைப்பில் ‘2025 பந்தயம் வரை’ என்று ஒரு வரி அச்சிட மறக்காதீர்கள்.