விமானத்தின் கருவிப் பலகையை நம் ஊர்ப் பட்டறையில் வெட்ட முடியுமா?

வீட்டில் கட்டும் விமானத்துக்கு, விமானியின் முன்னால் வேகமானி, உயரமானி எல்லாம் மாட்டும் கருவிப் பலகையை உள்ளூரிலேயே செய்யலாமா, வெளிநாட்டில்தான் வெட்டி வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். யாரோ உங்களை நன்றாகப் பயமுறுத்தியிருக்கிறார்கள். கருவிகளை வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். பலகை வெறும் துளை போட்ட தகடு. கும்பகோணம் பக்கத்தில் குத்துவிளக்குக்குப் பேர்போன நாச்சியார்கோயிலில் வெட்டி வாங்கியவன் சொல்கிறேன்.

விமானங்களைப் பதிவு செய்து அனுமதி தரும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் அனுமதி இல்லாமல் எதுவும் பறக்காது என்று யாரும் எனக்குப் பாடம் நடத்த வேண்டாம். விமானப்படையில் கருவிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். மும்பையில் மொட்டை மாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவ், 2017-ல் அதற்குப் பதிவு வாங்குவதற்குள் பட்ட பாடும் தெரியும். இங்கே பேச்சு தகட்டைப் பற்றியது மட்டுமே.

என் அக்காள் மகன் கும்பகோணம் பக்கத்தில் ஒரு பழைய நெல் மில் கொட்டகையில் இரண்டு இருக்கை விமானம் கட்டிவருகிறான். முதலில் அட்டையில் பலகை வெட்டி, கருவிகளின் முகத்தைக் காகிதத்தில் ஒட்டி, இருக்கையில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். இடப்பக்கம் வேகமானி, நடுவில் விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கைத் தொடுவானம், வலப்பக்கம் உயரமானி, தொடுவானத்துக்குக் கீழே திசை காட்டும் கருவி. இந்த வரிசையை மாற்றப்போகிறேன் என்று அடம்பிடித்தான். நான் விடவில்லை. வேறு விமானங்களில் பழகிய கண் நெருக்கடியில் பழைய இடத்தைத்தான் தேடும்.

தகடு 2024-டி3 என்ற ரக அலுமினியக் கலவை, 1.6 மி.மீ. கனம். பெரிய கருவிக்குத் துளை 3⅛ அங்குலம், அதாவது 79.4 மி.மீ. குத்துவிளக்கு கடையும் பெரியவர் ஒருவர், தகட்டுக்கு அடியில் பிளைவுட் வைத்து இறுக்கி, டிரில்லிங் மெஷினை மெதுவாக ஓடவிட்டு, மண்ணெண்ணெய் சொட்டச் சொட்ட வெட்டினார். சுருள் அறுபடாமல் வந்து விழுந்தது. உயரமானியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தவர், "தம்பி, கீழே இடது மூலையில் குமிழ் நீட்டிக்கொண்டிருக்கிறதே, பின்னாலிருந்து மாட்டினால் வட்டத் துளையில் எப்படி நுழையும்?" என்று மருமகனிடம் கேட்டார். வரைபடத்தில் அந்த மூலைக்கான வெட்டு இருந்தது. நாங்கள் அதை இன்னும் பிரித்துக்கூடக் காட்டவில்லை. அரைவட்ட அரத்தால் அவரே ராவிக் கொடுத்தார்.

காந்தத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் இரும்புத் திருகு ஆகாது, ஊசியை இழுத்துவிடும். விளக்கின் அடியையும் தண்டையும் மரை போட்டு இணைக்கிறவருக்குப் பித்தளைத் திருகு கடைவது ஒரு வேலையா?

இப்படிப்பட்டவர் புது லேத் வாங்கக் கடன் கேட்டால் ஒரு வங்கி அந்தத் தாள், இந்தத் தாள் என்று அலைய விடுகிறது. நகையை எடுத்துக்கொண்டு போனால் நாற்காலி போடுகிறார்கள். விளக்குக்குப் புவிசார் குறியீடு கொடுத்தாயிற்று, கடைகிறவருக்கு என்ன கொடுத்தார்கள்? கேட்டால் நான் அரசியல் பேசுகிறேன் என்பார்கள்.

உங்கள் கருவிகள் முன்னாலிருந்து மாட்டுபவையா, பின்னாலிருந்தா என்று எழுதுங்கள். துளையின் வடிவம் அதைப் பொறுத்தது.