குழந்தைகள் வார்டில் கோமாளியாகப் போக என்ன தயாரிப்பு வேண்டும்?

சிவப்பு மூக்கு, விக், முகத்துக்கு வெள்ளைச் சாயம் எல்லாம் வாங்கிவிட்டேன், அனுபவம் மட்டும் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். மூக்கு போதும். விக்கையும் சாயத்தையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சோறு ஊட்டும்போதே பூச்சாண்டி காட்டிப் பழக்கிய பிள்ளைகள் நம்முடையவை. காய்ச்சலோடு படுத்திருக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கு வாசலில் ஒரு வெள்ளை முகம் தெரிந்தால் பூச்சாண்டிதான் நினைவுக்கு வரும்.

1986-ல் மைக்கேல் கிறிஸ்டென்சன் என்ற கோமாளிக் கலைஞர் நியூயார்க்கில் பிக் ஆப்பிள் சர்க்கஸின் மருத்துவமனைக் கோமாளிக் குழுவைத் தொடங்கினார். டாக்டர்களின் ரவுண்ட்ஸையே நையாண்டி செய்வதுதான் அவர்கள் பாணியாக இருந்தது. இன்றும் தேர்ந்த குழுக்கள் பெரும்பாலும் ஜோடியாகவே போகின்றன. நீங்களும் தனியாகப் போகாதீர்கள். ஒருவர் அதிகாரம் செய்பவர், இன்னொருவர் எல்லாவற்றிலும் சொதப்புபவர் என்றால், குழந்தை பதில் பேசாமல் படுத்தபடியே வேடிக்கை பார்க்கலாம். தனி ஆளாகப் போனால் முழுப் பாரமும் குழந்தையின் மேல் விழும், அது சிரித்தே ஆக வேண்டும் என்பதுபோல.

வார்டுக்குள் நுழையும் முன் டியூட்டி சிஸ்டரிடம் ஐந்து நிமிடம் பேசுங்கள். யார் ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றில் இருக்கிறார்கள், யாருக்குத் தொற்று, யாருக்கு ரத்தத்தில் வெள்ளையணு குறைந்து தொற்று எளிதில் பற்றும், யாருக்கு வயிற்றில் தையல் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தையல் போட்ட பிள்ளை குலுங்கிச் சிரித்தால் வலிக்கும். அங்கே மெதுவான, சத்தமில்லாத விளையாட்டுதான். சாக்லேட் யாருக்கும் வேண்டாம். வெள்ளையணு குறைந்த பிள்ளைகளை முதலில் பாருங்கள், தொற்றுள்ளவர்களைக் கடைசியில், அதுவும் சிஸ்டர் சரி என்றால் மட்டும்.

முழங்கைக்குக் கீழே துணி, மோதிரம், வாட்ச், கயிறு எதுவும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு கட்டிலுக்கு முன்னும் பின்னும் 20 முதல் 30 விநாடி சானிடைசர் தேயுங்கள். ஸ்பிரிட்டால் துடைக்க முடியாத எதையும் கைமாற்றாதீர்கள். துணி பொம்மை வேண்டாம், ஒருவர் ஊதியதை அடுத்தவருக்குக் கொடுக்கும் பீப்பியும் வேண்டாம். பலூனைப் பெரும்பாலானோர் மறக்காமல் கொண்டுபோவார்கள். லேட்டக்ஸ் (பலூன் செய்யும் ரப்பர்) ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அது ஆபத்து. வெடித்த துண்டு சின்னக் குழந்தையின் தொண்டையில் சிக்கினால் மூச்சே அடைத்துவிடும்.

இனி முக்கியமான விஷயம். வார்டில் இருக்கும் குழந்தை எதையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஊசி, மருந்து, டிரிப்ஸ், எல்லாமே அதைக் கேட்காமல் நடக்கிறது. 'போ' என்று அது துரத்தக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான். அதனால் வாசலிலேயே நின்று, 'வரலாமா?' என்று கேளுங்கள். வேண்டாம் என்று தலையாட்டினால் கதவில் முட்டிக்கொண்டு, தடுமாறி, பணிவாக வெளியேறுங்கள். பல குழந்தைகள் அதற்குத்தான் முதலில் சிரிக்கும். திரும்பக் கூப்பிட்டு மறுபடி துரத்தும். பத்து முறை துரத்தினாலும் பத்து முறையும் வெளியேறுங்கள். அம்மா, 'அங்கிளுக்கு ஹாய் சொல்லுடா, சிரிடா' என்று வற்புறுத்தினால் அம்மாவின் பக்கம் திரும்பி அவரோடு விளையாடுங்கள். மூன்று வயதுக்குக் கீழே இரண்டு மீட்டர் தள்ளியே நில்லுங்கள், நேராகக் கண்ணைப் பார்க்காதீர்கள். பதின்வயதுப் பையனிடம் சேட்டை எடுபடாது. உங்கள் ஜோடிக்குச் சீட்டு வித்தை சொல்லித்தரும்படி அவனிடம் உதவி கேளுங்கள்.

ஊசி போடும்போது சிஸ்டருக்கு எதிர்ப்பக்கம், குழந்தையின் தலைமாட்டில் நில்லுங்கள். வெளிச்சத்தை மறைக்கக் கூடாது. 'வலிக்காது' என்று சொல்லவே வேண்டாம். வேடிக்கை காட்டித் திருப்பிவிட்டுச் சட்டென்று குத்த வைத்தால், அடுத்த முறை கோமாளியைக் கண்டாலே அழும். நீளமாக மூச்சை ஊதச் சொல்லி, கூடவே ஊதுங்கள்.

'கோமாளித்தனத்தால் நோய் குணமாகுமா' என்று சிலர் கிளம்புவார்கள். நோய் குணமாகும் என்று நான் சொல்லவில்லை. 2005-ல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், ஆபரேஷனுக்கு முன் கோமாளிகள் கூட இருந்த குழந்தைகளுக்குப் பதற்றம் குறைந்திருந்தது. மொத்தம் 40 குழந்தைகள்தான், சின்ன ஆய்வு. வேலைக்கு இடைஞ்சல் என்று ஊழியர்கள் முகம் சுளித்ததும் அதிலேயே இருக்கிறது. சிஸ்டர் கையை உயர்த்தினால் பாதி வித்தையிலேயே நிறுத்துங்கள் என்பது அதனால்தான்.

போன் பையிலேயே இருக்கட்டும். சிலர் தங்கள் பிறந்தநாளுக்குப் பிஸ்கட் கொடுக்க வந்து, மொட்டைத் தலையோடு இருக்கும் பிள்ளையைத் தோளில் சாய்த்து செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போடுகிறார்கள். அந்தப் பிள்ளை அதற்குச் சம்மதித்ததா? நாளை பள்ளிக்குத் திரும்பும்போது எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? இதை நினைத்தாலே ஆத்திரம் வருகிறது.

ஒரு கட்டிலில் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கிளம்பும்முன் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். உறுதியில்லாமல் 'நாளைக்கு வரேன்' என்று சொல்லாதீர்கள். அடுத்த வாரம் போகும்போது ஒரு கட்டில் காலியாக இருந்தால், மற்றப் பிள்ளைகள் காதில் விழும்படி கேட்காதீர்கள். வெளியே வந்து, மூக்கைக் கழற்றிவிட்டு, சிஸ்டரிடம் கேளுங்கள்.