டேப்லெட்டில் முகம் வரையப் பழகுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

டிஜிட்டலில் முகம் வரையத் தொடங்கியிருக்கும் நெல்லைப் பக்கத்துப் பிள்ளைகள் தங்கள் படங்களோடு கேள்விகளும் அனுப்பியிருந்தார்கள். பலருக்கும் பயன்படும் கேள்விகளை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பாளையங்கோட்டை, கல்லூரி மாணவி: அண்ணாச்சி, தோல் வழவழப்பாக வர வேண்டும் என்று ஓரம் மங்கலாகப் பூசும் ஏர்பிரஷ்ஷிலேயே வரைகிறேன். முடித்துப் பார்த்தால் ஜவுளிக்கடை பொம்மை மாதிரி இருக்கிறது. எங்கே தப்பு?

உங்கள் படத்தில் அளவுகள் சரியாகவே இருக்கின்றன தங்கச்சி. விளிம்புகள்தான் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மங்கிவிட்டன. முகத்தில் இரண்டு வகை நிழல் உண்டு. கன்னம் உருண்டு திரும்பும் இடத்தில் வெளிச்சம் மெல்லக் குறைந்து நிழலாகும், அங்கே விளிம்பு மென்மையாக இருக்கும். மூக்கு மேலுதட்டில் போடும் நிழலும், தாடை கழுத்தில் போடும் நிழலும் வேறு. அவை தொடங்கும் இடத்தில் வெட்டினாற்போல் இருந்து, தள்ளிப் போகப் போக மங்கும். ஏர்பிரஷ் இந்த வித்தியாசத்தையே துடைத்துவிடுகிறது.

கொஞ்ச நாளைக்கு ஏர்பிரஷ், நிறங்களைத் தேய்த்துக் கலக்கும் ஸ்மட்ஜ் இரண்டையும் தொடாதீர்கள். ஓரம் கெட்டியான வட்டப் பிரஷ் ஒன்றை எடுத்து, நிறமே இல்லாமல் ஐந்து சாம்பல் படிகளில் முகத்தை அமையுங்கள். வெளிச்சத்துக்கு மூன்று, நிழலுக்கு இரண்டு. நிழலுக்குள் எவ்வளவு வெளிச்சமான இடமாக இருந்தாலும், அது வெளிச்சப் பகுதியின் மங்கலான இடத்தைவிட இருட்டாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு வந்த படங்களில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன. கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். நுணுக்கமெல்லாம் மறைந்து வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சும்.

இதைப் பழக நமக்குப் பக்கத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலுக்கு ஒரு நாள் போய் வாருங்கள். நாயக்கர் காலத்துக் கல் சிற்பங்கள், நரம்பும் விலா எலும்பும் தெரியச் செதுக்கியிருப்பார்கள். தோல் நிறம் கிடையாது, மயிர்க்கால் கிடையாது, ஆனாலும் சதை சதையாகவே தெரியும். வெறும் வெளிச்சமும் நிழலும் செய்கிற வேலை அது. பென்சிலும் தாளும் கொண்டுபோய் ஒரே ஒரு முகத்தை மட்டும் பொறுமையாக வரைந்துவிட்டு வாருங்கள்.

திசையன்விளை: தோல் நிறத்தோடு நிழலுக்குக் கறுப்பும் வெளிச்சத்துக்கு வெள்ளையும் சேர்க்கிறேன் அண்ணே. மாநிறமெல்லாம் சாம்பலாகிப் போகிறது.

தம்பி, அந்தக் கறுப்பும் வெள்ளையும்தான் காரணம். தோலுக்குள் புகுந்து சிதறும் வெளிச்சத்தில் சிவப்பு அதிக தூரம் பரவும். வெயிலுக்கு முதுகு காட்டி நிற்பவரின் காது மடல் சிவந்து தெரிவது அதனால்தான். ஆகவே நிழலுக்குப் போகும்போது நிறச் சக்கரத்தில் கொஞ்சம் சிவப்புப் பக்கம் நகருங்கள், நிறத்தின் அடர்த்தியையும் சற்று ஏற்றுங்கள். வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் எல்லையில் லேசான செம்மை வைத்தால் உடனே ரத்த ஓட்டம் தெரியும்.

தோலில் பளிச்சென்று மின்னும் ஹைலைட் விஷயம் வேறு. அது தோலின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம், வெளிச்சத்தின் நிறத்தைத்தான் கொண்டிருக்கும். திறந்த வெளியில் நிழலில் நிற்பவரின் நெற்றியில் வானத்தின் நீலம் இருக்கும், மஞ்சள் பல்பின் கீழ் மஞ்சள் இருக்கும். கறுத்த தோலில் இந்த மினுமினுப்பு இன்னும் எடுப்பாகத் தெரியும். அதைப் பயந்து பயந்து மங்கலாக வைத்தால் முகம் தூசி படிந்தது போலாகிவிடும்.

இன்னொன்று, உங்கள் ஊர்ப் பக்கத்துத் தேரிச் செம்மணல் மேட்டில் நடுப்பகலில் ஒருவரை நிறுத்திப் பாருங்கள். தாடைக்கு அடியிலும் மூக்குக்கு அடியிலும் செம்மணலின் வெளிச்சம் ஏறியிருக்கும். நிழல் என்றால் ஒரே இருட்டு என்ற எண்ணம் அங்கேயே போய்விடும்.

அம்பாசமுத்திரம்: என்ன டேப்லெட் வாங்கலாம்? வீட்டில் காசு கேட்கவே தயக்கமாக இருக்கிறது.

கணினியோடு இணைத்து வரையும், திரை இல்லாத சின்ன பேனா டேப்லெட் போதும். கிரிட்டா என்ற வரையும் மென்பொருள் கணினிக்கு இலவசம். பேனாவை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை உணர 8192 அழுத்த நிலைகள் என்று விளம்பரத்தில் போடுவதைப் பார்த்து மயங்க வேண்டாம், பழகுகிறவருக்கு அதனால் பெரிய வித்தியாசம் இல்லை. போனில்தான் வரைய முடியும் என்றால் ஐபிஸ் பெயிண்ட் செயலியில் தொடங்குங்கள்.

தென்காசி: அக்கா பிள்ளையின் செல்ஃபியைப் பார்த்து வரைந்தேன். நன்றாக வந்திருக்கிறது, ஆனால் அவன் மாதிரி இல்லை என்கிறார்கள்.

முதலில் போட்டோவையே மாற்றுங்கள். கை நீளத்தில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கு பெரிதாகும், காது பின்னால் ஒடுங்கும். ஆறேழு அடி தள்ளி நின்று, ஜூம் செய்து, ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழும்படி எடுங்கள். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம், இருக்கிற நிழலையும் அது கொன்றுவிடும்.

அப்புறம், சாயல் என்பது இமையிலோ உதட்டிலோ தனியாக இல்லை, இடைவெளிகளில் இருக்கிறது. உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை அளந்தால் பெரியவர்களுக்குக் கண் ஏறத்தாழ நடுவில் வரும், சின்னப் பிள்ளைகளுக்கு அதற்கும் கீழே. பலர் நெற்றியைச் சுருக்கிக் கண்ணை மேலே ஏற்றிவிடுகிறார்கள். கண்ணின் உள்மூலையிலிருந்து நேர்க்கோடு இறக்கி, மூக்கின் ஓரம் அதற்கு உள்ளேயா வெளியேயா என்று பாருங்கள். படத்தை அடிக்கடி இடவலமாகத் திருப்புங்கள். கோணல் இருந்தால் சட்டென்று தெரிந்துவிடும்.

போட்டோவின் மேல் லேயர் (கண்ணாடித் தாள் மாதிரி ஓர் அடுக்கு) போட்டு டிரேஸ் எடுப்பது பாவமா என்றும் கேட்டிருந்தீர்கள். பாவமில்லை. ஆனால் கோடு மட்டும்தான் கிடைக்கும், கண் பழகாது. முதலில் கண்ணளவில் வரைந்துவிட்டு, பிறகு போட்டோவை மேலே வைத்து எங்கே விலகியது என்று பார்ப்பதுதான் என் விருப்பம்.

வள்ளியூர்: கண்ணும் முடியும் ஒட்டவைத்தது போல இருக்கின்றன.

கண்ணின் வெள்ளைக்கு வெள்ளை போட்டிருக்கிறீர்கள். அது ஓர் உருண்டை, மேலிமையின் நிழல் அதன்மேல் விழும். சாம்பல் கலந்த, தோலைவிடச் சற்றே வெளிர்ந்த நிறம் போதும். கீழிமைக்கும் ஒரு தடிமன் உண்டு, அந்த ஈர விளிம்பில் சின்ன ஒளி வையுங்கள். பல்லுக்கும் இதே கதைதான், வெறும் வெள்ளை வேண்டாம்.

முடியை இழை இழையாகத் தொடங்காதீர்கள். எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய தலை என்றால் முதலில் அதை ஒரே இருண்ட வடிவமாகப் பூசுங்கள். தலை வளையும் இடத்தில் குறுக்கே ஒரு மினுமினுப்புப் பட்டை வரும், அதை வையுங்கள். நெற்றியோடு சேரும் இடத்தில் தோல் நிறத்தை முடிக்குள் கொஞ்சம் கலந்துவிடுங்கள். இழைகள் கடைசியில், ஓரங்களில் மட்டும், சில போதும்.

சங்கரன்கோவில்: தோலில் மயிர்த்துளைகளைப் பதிக்கும் பிரஷ் எங்கே கிடைக்கும்?

நிறைய இலவசமாகவே கிடைக்கும். ஆனால் உங்கள் படத்தில் நெற்றியும் கன்னமும் இன்னும் தட்டையாக இருக்கின்றன. அதன்மேல் துளை போட்டால் தட்டையான இடத்தில் துளைதான் தெரியும். வடிவம் வந்த பிறகு, வெளிச்சமும் நிழலும் சேரும் பகுதியில் மட்டும் லேசாகப் போடுங்கள்.

கோவில்பட்டி: தாத்தாவின் படத்தை வரைந்து பிரேம் போட ஆசை. திரையில் நன்றாக இருக்கிறது, அச்சில் இருண்டுவிடுகிறது.

திரை தானே ஒளி விடும், தாள் விடாது. திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து வைத்து வரையுங்கள், நிழலுக்குள் இருக்கும் விவரங்களைக் கொஞ்சம் ஏற்றிவையுங்கள். ஏ4 அளவுக்கு 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) 2480க்கு 3508 பிக்சல் வேண்டும், அதை முதலிலேயே வைத்துத் தொடங்குங்கள், பிறகு பெரிதாக்கினால் மங்கும். முழுப் படத்தை அச்சடிக்கும் முன் முகத்தை மட்டும் ஒரு சின்ன துண்டாக அடித்துத் தரச் சொல்லுங்கள். பிரேம் மாட்டப்போகும் சுவரில், அந்த வீட்டு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, தேவையான அளவு வெளிச்சம் ஏற்றி அனுப்புங்கள்.