இந்த டிஜிட்டல் காலத்திலும் வானொலி கேட்பவர்கள் இருக்கிறார்களா? நேயர்கள் எப்படி மாறியிருக்கிறார்கள்?

இருக்கிறார்கள். எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார். திருகோணமலை உவர்மலையில், 82 வயதான என் அம்மா.

கேள்வி கேட்டவர் இளம் பிள்ளையாக இருக்க வேண்டும். பாட்டு வேண்டுமென்றால் ஆப்பைத் திறப்பவர், ரேடியோ என்றால் பஸ்ஸில் ஓடுவது என்று மட்டும் அறிந்தவர் என்று நினைக்கிறேன். அதில் பிழை ஒன்றும் இல்லை. நானும் சமைக்கும்போது யூடியூப்பில்தான் பாட்டுக் கேட்கிறேன். ஆனால் நேயர்கள் எப்படி மாறினார்கள் என்று கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது பாட்டு அல்ல, மரண அறிவித்தல்.

இலங்கைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டணம் கட்டினால் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் மரண அறிவித்தல் வாசிப்பார்கள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார் என்று தொடங்கும். அன்னார் யாருடைய அன்பு மனைவி, யாருடைய பாசமிகு தாயார், யாருடைய மாமியார் என்று பெயர் பெயராக வரும். கடைசியில், உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும் என்று முடியும். வாசிக்கும் குரலில் அவசரமும் இராது, அழுகையும் இராது. அது தொடங்கினால் எங்கள் வீட்டில் கதை நின்றுவிடும். அம்மா அகப்பையும் கையுமாகக் குசினி வாசலுக்கு வந்து நிற்பார். தெரிந்த ஊர் இல்லை என்றால் திரும்பிப் போவார்.

1997 இல் அம்மம்மா எங்கள் வீட்டில்தான் காலமானார். அம்மாவுக்கு ஒரே ஓர் அண்ணன். மட்டக்களப்பில் தையல்கடை வைத்திருந்தார். ஒரு கிணற்றுக் காணியால் இரண்டு பேருக்கும் 11 வருடம் பேச்சு இல்லை. அவருடைய விலாசம் கூட எங்களிடம் சரியாக இல்லை. அப்பா கொப்பித் தாள் ஒன்றைக் கிழித்து அறிவித்தலை எழுதினார். பிள்ளைகளின் பெயர் வரும் இடத்தில் முதலாவதாக மாமாவின் பெயரைப் போட்டார். அம்மா அதை வெட்டச் சொன்னார். "தாயின்ட செத்தவீட்டு அறிவித்தல், உங்கட சண்டைக்கு எழுதின கடதாசி இல்லை" என்று சொல்லிவிட்டு, அப்பா கொமினிகேஷன் கடைக்குப் போய்க் கொழும்பில் இருந்த சித்தப்பாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினார். மாமாவின் பெயரை இரண்டு தரம் எழுத்துக்கூட்டிச் சொன்னாராம்.

அன்று மாலையே அது ரேடியோவில் போனது. அடுத்த நாள் பின்னேரம் மூன்று மணி போல மாமா வந்து சேர்ந்தார். அந்த நாட்களில் மட்டக்களப்பில் இருந்து இங்கே வருவது லேசான வேலை இல்லை. பொலன்னறுவை போய், ஹபரணையில் பஸ் மாறி, செக்பொயின்ற்றுக்குச் செக்பொயின்ற் இறங்கி நடந்து வர வேண்டும். வெள்ளைச் சேர்ட்டின் பொக்கற்றில் நீலத் தையல் சோக் தேய்ந்து கறையாகி இருந்தது. வேலையில் நின்ற அதே உடுப்புடன் வந்திருக்கிறார். பந்தலுக்குள் வந்து அம்மாவைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "என்ட பேரையும் வாசிச்சவங்கள் தங்கச்சி."

தாய் செத்ததைப் பற்றி அல்ல, தன் பெயரை வாசித்ததைப் பற்றித்தான் அவர் முதலில் சொன்னார். அப்போது எனக்கு அது விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. நாடே கேட்கிற இடத்தில், இவன் இந்தத் தாயின் பிள்ளை என்று ஒரு குரல் சொல்லியிருக்கிறது. அதற்குப் பிறகு எப்படி வராமல் இருப்பது?

2023 க்கு வருகிறேன். அம்மாவுடன் ஒரே பள்ளிக்கூடத்தில் 19 வருடம் படிப்பித்த ரீச்சர் ஒருவர் நிலாவெளியில் காலமானார். எங்கள் வீட்டில் இருந்து 15 கிலோமீட்டர் தூரம் இருக்கலாம். அவருடைய பிள்ளைகள் ஒரு குறையும் வைக்கவில்லை. ஃபேஸ்புக்கில் போட்டார்கள், மரண அறிவித்தல் இணையத்தளத்தில் படத்துடன் போட்டார்கள், வாட்ஸ்அப் குழுக்களிலும் போட்டார்கள். அதில் ஒரு குழுவில் நானும் இருந்தேன். விடிந்தால் காலை வணக்கப் படங்கள் வந்து குவிகிறதே என்று அந்தக் குழுவை மியூட்டில் போட்டிருந்தேன். ஃபேஸ்புக்கோ யாருக்கு எதைக் காட்டுவது என்று தானே தீர்மானிக்கும், எனக்கு அது காட்டவில்லை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்து அடுத்த நாள், மார்க்கெற்றில் ஒருவர் சொல்லித்தான் தெரியவந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "றேடியோவில சொல்லேல்லையே?" என்று கேட்டார். அவர் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அந்தக் கேள்வி இன்னும் எனக்குள் குத்திக்கொண்டுதான் இருக்கிறது.

என்னைக் கேட்டால் மாற்றம் இதுதான். ரேடியோவுக்கு யார் கேட்கிறார் என்று தெரியாது. ஆகவே எல்லாருக்கும் சொல்லியது. பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனுக்கும் சேர்த்து. போன் அப்படியல்ல. அதில் நம்பர் இருப்பவருக்கு, குழுவில் சேர்த்தவருக்குத்தான் செய்தி போகும். மாமாவின் நம்பர் எங்கள் யாரிடமும் இருந்திருக்காது.

பழைய காலத்தைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள் என்று யாராவது கீழே எழுத முதல் நானே சொல்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு நொடியில் செய்தி போவது பெரிய காரியம்தான். என் தம்பி கனடாவில் பனிக்குள் கார் ஓட்டிக்கொண்டு இலங்கை எஃப்எம்மை ஆப்பில் கேட்கிறான். முந்தி அது கனவிலும் நடக்காது. ஒரு பாட்டுக் கேட்கத் தபாலட்டை போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தவள் நான், இன்று பிள்ளைகள் குரல் பதிவு அனுப்பிய கையோடு நிகழ்ச்சியில் போகிறது. அது நல்லது. 90களின் கடைசியில் தனியார் எஃப்எம்கள் வந்தபோது நாங்களும் ஆசையாகக் கேட்டோம். அங்கே வேலை செய்கிற தம்பி தங்கச்சிமார் கோபிக்க வேண்டாம், உங்களை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் செத்தவீட்டு நேரடி ஒளிபரப்பைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். போன வருடம் பாலையூற்றில் ஒரு செத்தவீட்டில் அம்மா பெட்டிக்குப் பக்கத்தில் நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கமராப் பெடியன் வந்து, "அம்மா கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, லண்டனில மகன் பாக்கிறார், மறைக்குது" என்றான். 60 வருடப் பழக்கம். பஸ் ஏறி வந்து நின்றவரைத் தள்ளி நிற்கச் சொன்னால் அது என்ன முறை? மகன் பார்க்கத்தான் வேண்டும். அதற்காக நேரில் வந்தவரை ஓரம் கட்டலாமா?

சரி, ரேடியோவுக்கு வருகிறேன். அப்பா இருந்தவரை இரவில் பிபிசி தமிழோசை கேட்காமல் படுத்ததில்லை. இரவில் மத்திய அலை வெகுதூரம் போகும் என்பதால் திருச்சி வானொலியும் எங்களுக்குக் கேட்கும். 1941 இல் தொடங்கிய தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 ஆம் திகதியுடன் நின்றது. அதைப் பார்க்க அப்பா இருக்கவில்லை. எங்கள் மாவட்டத்திலேயே டொய்ச்ச வெல்ல என்ற ஜெர்மன் வானொலியின் நிகழ்ச்சிகளை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் பெரிய நிலையம் இருந்தது, பிறகு அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. உலகத்துக்கு அலை அனுப்பிய ஊர் எங்கள் ஊர். இங்கே வளர்ந்த பிள்ளைகளில் பலருக்கு அது தெரியாது.

2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிப் புயல் குச்சவெளி, திரியாய்ப் பக்கமாகக் கரை கடந்தது. கரண்ட் போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ரோர்ச்சுடன் வந்து, "அன்ரி, போனில சார்ஜ் முடியப்போகுது, உங்கட ரேடியோவைப் போடுங்கோ" என்றார்கள். அவர்களின் போனில் எஃப்எம் வசதி இல்லை. இருக்கிற போன்களிலும் அநேகமாக வயர் உள்ள இயர்போனைச் செருகினால்தான் எடுக்கும், அந்த வயர்தான் அன்ரெனா. அம்மாவின் பெட்டிக்கு நான்கு பற்றரி போதும். புயல் எங்கே நிற்கிறது என்று விடியும்வரை எல்லாரும் விறாந்தையில் இருந்து கேட்டோம். தனித்தனிப் போனுடன் இருந்த பிள்ளைகள் அன்றைக்கு ஒரு பெட்டியைச் சுற்றி இருந்தார்கள்.

நிலாவெளி ரீச்சரின் விஷயத்துக்குப் பிறகு அந்தக் குழுவை மியூட்டில் இருந்து எடுத்துவிட்டேன். மாலையில் விளக்கு வைத்த பிறகு, போனில் வந்திருக்கும் மரண அறிவித்தல்களை அம்மாவுக்கு நான் வாசிக்கிறேன். பழைய முறைப்படியே வாசிக்க வேண்டும். பிறப்பிடம், வதிவிடம், பிறகு பிள்ளைகள், மருமக்கள். வேகமாக வாசித்தால் திரும்ப வாசிக்கச் சொல்வார். நேற்று ஒன்றில் படம் பெரிதாக இருந்தது, எழுத்து இரண்டே வரி. பிள்ளைகளின் பெயர்கள் இல்லை, "குடும்பத்தினர்" என்று மட்டும் இருந்தது. அம்மா என் கையில் இருந்த போனை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கீழே இன்னும் ஏதும் எழுதியிருக்கிறதா என்று தேடினார்.