மெட்டல் டிடெக்டரை வைத்துத் தேடினால் தங்கம் நிஜமாகவே கிடைக்குமா? உங்களுக்கு முதல் கட்டி எப்படிக் கிடைத்தது?

கிடைக்கும். எனக்குக் கிடைத்தது. ஆனால் கேட்கிற தோரணையைப் பார்த்தால், ஏதோ ஒரு மலிவு மெஷினை ஆன்லைனில் கார்ட்டில் போட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள் போல. அதற்கு ஆணிதான் கிடைக்கும். கோலார் பக்கம் போகலாம் என்ற நினைப்பு இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அங்கே தங்கம் பாறைக்குள் பொடிப்பொடியாக இருந்தது, மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி எடுத்தார்கள், 2001இல் அந்தச் சுரங்கத்தையும் மூடியாயிற்று.

நான் இருப்பது மெல்பர்னில். வடமேற்கே இரண்டு மணி நேரத்துக்குமேல் வண்டி ஓட்டினால் டனோலி, மோலியாகல் என்ற ஊர்கள் வரும். இந்த மோலியாகலில்தான் 1869இல் டீசன், ஓட்ஸ் என்ற இருவருக்கு 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்' கட்டி கிடைத்தது, அதுவும் மரத்து வேருக்குப் பக்கத்தில், மண்ணுக்குச் சில சென்டிமீட்டர் கீழே. உருக்கியபோது 70 கிலோவுக்கு மேல் தேறியது. 1980இல் கிங்கோவரில் ஒருவர் டிடெக்டரிலேயே 27 கிலோ கட்டியை எடுத்தார். இந்த விக்டோரியா மாநிலத்தில் 'மைனர்ஸ் ரைட்' என்று ஒரு அனுமதிச் சீட்டு உண்டு, கட்டணம் சொற்பம், பத்து வருஷம் செல்லும். தோண்டிய குழியை மூடிவிட்டு வர வேண்டும், தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் அனுமதி கிடையாது.

அந்த மண்ணில் இரும்பு அதிகம், சாதாரண மெஷின் மண்ணைப் பார்த்தே கத்தும். அதனால் காந்தத் துடிப்புகளை விட்டுவிட்டு மண்ணுக்குள் அனுப்பித் தேடும் பல்ஸ் இண்டக்‌ஷன் வகைதான் சரிப்படும். ஹெட்ஃபோனில் மெல்லிய ரீங்காரம் ஓடிக்கொண்டே இருக்கும், அது எங்கே லேசாக வளைகிறது என்று கேட்பதுதான் மொத்த வேலையும். பிக்காசு தலையில் ஒரு காந்தம் ஒட்டியிருப்பேன். ஆணி என்றால் அதில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாததெல்லாம் ஈயக் குண்டு, அந்தக் காலத்தில் முயல் சுட்டவர்கள் விட்டுப்போனது.

அன்றைக்கும் ஒட்டவில்லை. சரி, இன்னொரு ஈயம் என்று நினைத்துக்கொண்டே ஸ்கூப்பில் மண்ணை அள்ளி, பாதியைக் கொட்டிவிட்டு, காயிலுக்கு (டிடெக்டரின் அடியில் இருக்கும் வட்டத் தட்டு) மேல் ஆட்டினேன், சத்தம் வந்தது. அதிலும் பாதி, அதிலும் பாதி. கடைசியில் ஸ்கூப்பில் ஒரு சிட்டிகை செம்மண். எச்சில் தொட்டுத் தேய்த்தேன், மஞ்சள். துவரம் பருப்பு அளவுதான், ஒரு கிராம்கூட இல்லை, ஆனால் உள்ளங்கையில் கனம் தெரிந்தது.

பெட்ரோல் செலவு, மெஷின் விலை எல்லாம் கணக்குப் போட்டாயா என்று கமெண்டில் வருவீர்கள். போட்டேன், நஷ்டம்தான். வார இறுதியில் கோல்ஃப் ஆடுகிறவரிடம் போய் இதைக் கேட்பீர்களா?

ஊருக்கு வந்தபோது அதை ஒரு நகைக்கடையில் காட்டினேன். உரசிக்கூடப் பார்க்காமல், "மண்ணு கலந்திருக்கு சார், சேதாரம் போகும்" என்றார். விக்டோரியாக் கட்டிகள் பெரும்பாலும் 22 காரட்டுக்கு மேலேயே நிற்கும், அதைச் சொன்னால் சிரிக்கிறார். நகை வாங்கப் போனாலும் சேதாரம், விற்கப் போனாலும் சேதாரம், அப்படிச் சேதாரமாகிற தங்கமெல்லாம் யார் வீட்டில்தான் இருக்கிறது? என் தங்கை கல்யாணத்துக்கு நகை எடுத்ததிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஒரு கடைக்காரரும் பதில் சொன்னதில்லை. கட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம், எந்த இடம், லொகேஷன் அனுப்புங்கள் என்று இன்பாக்ஸில் வராதீர்கள். சொல்லமாட்டேன்.