ஒரே பஸ்ஸுக்கு ஒரு சங்கமா?

கேள்வி: எங்கள் தாத்தா டர்பனில் ஒரே ஒரு பஸ் வைத்திருந்தாராம். பஸ் முதலாளிகள் சங்கக் கூட்டம் என்றால் மட்டும் கோட் போட்டுக்கொண்டு கிளம்புவாராம். ஒரு பஸ் வைத்திருந்தவருக்குச் சங்கம் எதற்கு?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: ஒரே பஸ் வைத்திருந்தவருக்குத்தானம்மா சங்கம் வேண்டியிருந்தது. என் அப்பாவும் அப்படித்தான். அவர் ஓட்டுவார், சித்தப்பா டிக்கெட் கொடுப்பார்.

தென்னாப்பிரிக்காவில் 1930-இல் வந்த மோட்டார் போக்குவரத்துச் சட்டம், ரயிலின் வருமானத்தை பஸ்கள் தின்றுவிடக் கூடாதென்று போட்ட சட்டம். பர்மிட் இல்லாமல் காசுக்கு ஆள் ஏற்ற முடியாது. எந்தப் பாதை, எந்த இனத்தாரை ஏற்றலாம் என்பதையெல்லாம் போக்குவரத்து வாரியம்தான் சொல்லும். நாம் மனுப் போட்டால் எதிர்த்துப் பேச ரயில்வே வக்கீலோடு வந்து நிற்கும். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத அப்பா அங்கே தனியாக என்ன பேசுவார்? சங்கத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வக்கீல் வைத்தார்கள். வாரிய விசாரணைக்கும் சங்கக் கூட்டத்துக்கும் அப்பாவுக்கு ஒரே கோட்தான். பர்மிட்டை நான்காக மடித்து அதன் உள்பையில் வைத்திருப்பார். வீட்டுக்கு வந்ததும் அம்மா அதை வாங்கி பிஸ்கட் டின்னில் போட்டு, முருகன் படத்துக்குக் கீழே வைத்துவிடுவார்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு முன்னறையில் நடக்கும். டீ கொடுப்பது என் வேலை. பாதிச் சண்டை நேரத்தைப் பற்றித்தான். விக்டோரியா தெரு ரேங்கிலிருந்து (பஸ் நிலையம்) யார் முன்னால் பஸ்ஸை எடுப்பது, ஐந்து நிமிடம் பொறுக்காமல் அடுத்தவன் பயணிகளை அள்ளிக்கொண்டு போனது யார் என்று கத்துவார்கள். அப்புறம் ஒரே தட்டில் வடை எடுத்துச் சாப்பிடுவார்கள்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் நடந்த கலவரத்தில் 142 பேர் செத்தார்கள். அதன்பின் ஆப்பிரிக்கர்கள் பலர் இந்தியர் பஸ்களில் ஏற மறுத்தார்கள். நாங்கள் இருந்த டர்பன் பகுதியான கேட்டோ மேனரில் பஸ் ஏறியவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள்தான், ஆனால் சொந்தமாக பஸ் ஓட்ட அவர்களுக்கு பர்மிட் கிடைப்பது அரிது. எங்கள் சங்கம் அவர்களுக்காகவும் வாரியத்தில் பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. அப்பா இதைச் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார்.

பிறகு, எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் நம்மைக் கேட்டோ மேனரிலிருந்து கிளப்பி, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய்ப் போட்டது. பழைய பாதை போச்சு, புதுப் பாதைக்கு மறுபடி மனு, மறுபடி வக்கீல். 1977-இல் வந்த சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில், டிரைவர் போக எட்டுப் பேர் ஏறும் வண்டி டாக்சிக் கணக்கில் வந்தது. அந்த வழியாகத்தான் காம்பிகள் என்ற வேன் டாக்சிகள் நுழைந்தன. 1988-இல் கட்டுப்பாடு தளர்ந்தபின் பதினாறு பேர் ஏறும் காம்பிகள் ரோட்டை நிறைத்தன. ஒற்றை பஸ்காரர்கள் பலர் அதோடு விற்றுவிட்டார்கள். அப்பாவும் விற்றார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிஸ்கட் டின் இருக்கும், தேடிப் பாருங்கள். பர்மிட், சங்க ரசீது, நேர அட்டவணை எது கிடைத்தாலும் தூக்கிப் போடாதீர்கள். குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது. அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.