கீமோ முடிஞ்சுது, அப்புறம்?

கோவையில் பல வருடம் கீமோ வார்டில் நர்ஸாக இருந்துவிட்டு, இப்போது சிகிச்சை முடித்தவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாமே நாற்பது வயதுக்குள் இருப்பவர்கள் எழுதியவை. கடைசி டிரிப் கழற்றிய அன்று வீடே சந்தோஷப்பட்டது, ஒரம்பரை எல்லாம் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், அதற்கப்புறம் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஏறக்குறைய எல்லாக் கடிதத்திலும் இது இருக்கிறது. 15 முதல் 39 வயது வரை உள்ளவர்களைப் புற்றுநோய் மருத்துவம் தனிப் பிரிவாகவே பார்க்கிறது. படிப்பு, வேலை, கல்யாணம், குழந்தை என்று எல்லாம் வரிசைகட்டி நிற்கும் வயது அது.

குடலில் கட்டி வந்து, ஆபரேஷனும் கீமோவும் முடிந்து நான்கு மாதம் ஆகிறது, சிஸ்டர். இரண்டு பாதமும் மரத்தே இருக்கிறது. செருப்பு கழன்று போனாலும் தெரிவதில்லை. நான் பிழைத்து வந்தால் பண்ணாரி அம்மன் கோயிலில் குண்டம் (தீமிதி) இறங்க வைப்பதாக அம்மா வேண்டியிருக்கிறார். பங்குனியில் இறங்கலாமா? பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைப்பேன், அந்த வேலைக்குத் திரும்பலாமா? – 26 வயது, திருப்பூர்

இந்தப் பங்குனியில் வேண்டாம் தம்பி. குண்டத்தில் கால் வைக்கிறவருக்கு அந்த நொடியே சூடு உறைக்கும், அடுத்த அடி தானாக வேகமாக விழும். உங்கள் காலுக்கு அந்தச் சேதி போய்ச் சேராது. புண் வந்தாலும் வலிக்காது, வலிக்காத புண்ணை யாரும் கவனிப்பதில்லை. அம்மாவிடம் வேண்டுதலை விட்டுவிடச் சொல்லாதீர்கள், தள்ளி வைக்கச் சொல்லுங்கள். உணர்ச்சி திரும்பிய வருடம், டாக்டரும் சரியென்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆத்தா காத்திருப்பாள்.

குடல் கட்டிக்குத் தரும் ஆக்சாலிபிளாட்டின் நரம்புகளைப் பாதிக்கும். மருந்தை நிறுத்தின பிறகும் இரண்டு மூன்று மாதம் மரமரப்பு கூடிக்கொண்டே போகலாம். நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து அப்போது பலர் பயந்துவிடுகிறார்கள். அது மருந்தின் மிச்ச வேலை. அப்புறம் மெல்ல மெல்லக் குறையும். மாதக் கணக்கில் ஆகும், சிலருக்குக் கொஞ்சம் நின்றும் விடும். என்னிடம் வந்த ஒரு பையன், ஷூவுக்குள் ஜல்லிக்கல் கிடந்தது தெரியாமலே பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரை நடந்திருக்கிறான். சாக்ஸைக் கழற்றும்போது ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். ராத்திரி படுக்கும் முன் கைக்கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். குளிக்கும் வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பாருங்கள். தோட்டத்திலும் வாசலிலும் வெறுங்காலோடு நடக்காதீர்கள்.

ஓவர்லாக் மெஷினில் ஊசி மட்டுமில்லை, கத்தியும் ஓடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு சட்டைப்பையில் கை விட்டு, ஒரு ரூபாயா ஐந்து ரூபாயா என்று தடவியே சொல்ல முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் கொஞ்ச நாள் பேக்கிங்கோ செக்கிங்கோ கேட்டு வாங்குங்கள். மரமரப்போடு எரிச்சலும் வலியும் இருந்தால் அதற்கு டுலோக்ஸெடின் என்ற மாத்திரை உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். பி12 ஊசியை எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். ரத்தத்தில் அது குறைந்திருந்தால்தான் பலன். சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோயான ஹாட்ஜ்கின் லிம்போமா வந்து, ஏபிவிடி என்ற நான்கு மருந்துக் கீமோவும் நெஞ்சில் கரண்டும் (கதிர்வீச்சு) முடிந்து மூன்று வருடம். இப்போது வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அப்புச்சி, "அதையெல்லாம் வாயைத் திறக்காதே அம்மிணி" என்கிறார். மறைத்தால் மனசு உறுத்துகிறது, சொன்னால் எவன் வருவான் என்றும் இருக்கிறது. குழந்தை பிறக்குமா? – 24 வயது, கோபி

சொல்லுங்கள் கண்ணு. இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. ஆனால் யாரிடம், எப்போது என்பதைப் பார்த்துச் செய்ய வேண்டும். தரகரிடம் சொன்னால் ஈரோட்டிலிருந்து தாராபுரம் வரை பரவிவிடும். ஜாதகத்தோடு சேர்த்து அனுப்பவும் வேண்டியதில்லை. பொருத்தம் பார்த்து, இரண்டு பக்கமும் பிடித்து, மாப்பிள்ளையோடு நீங்கள் பேசும் நாள் வரும். நிச்சயத்துக்கு முந்தின அந்தப் பேச்சில் நீங்களே சொல்லுங்கள். "இருபத்தொரு வயதில் எனக்கு லிம்போமா வந்தது. சிகிச்சை முடிந்து மூன்று வருடம் ஆகிறது. செக்கப் போய்வருகிறேன். சந்தேகம் இருந்தால் என் டாக்டரிடம் சேர்ந்தே போய்க் கேட்கலாம்." இவ்வளவு போதும். அழுதுகொண்டு சொல்லாதீர்கள், மன்னிப்புக் கேட்கும் குரலிலும் சொல்லாதீர்கள். நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. கேட்டுவிட்டு ஒருவர் விலகிப் போனால் வலிக்கும், தெரியும். கல்யாணம் முடிந்த பிறகு பீரோவில் பழைய பைலைப் பார்த்து அவர் கேட்பதைவிட அது சின்ன வலி.

அப்புச்சியையும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் காலத்தில் இந்த நோய் வந்தவர்கள் பெரும்பாலும் திரும்பி வரவில்லை. இன்று இளம் வயதில் நன்றாகக் குணமாகும் புற்றுநோய்களில் ஹாட்ஜ்கின் முன்வரிசையில் இருக்கிறது. ரிவ்யூவுக்குப் போகும்போது அவரையும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள், டாக்டர் வாயால் கேட்கட்டும்.

குழந்தை விஷயம். ஏபிவிடி, கருப்பையை ஒட்டிய சினைப்பைகளைப் பொதுவாக அதிகம் பாதிப்பதில்லை. மாதவிடாய் சீராக வருவது நல்ல அடையாளம். சினைமுட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் என்ற ரத்தப் பரிசோதனை இன்னும் கொஞ்சம் தெளிவாகச் சொல்லும். கீமோ எடுத்த தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்கு ஊனம் வரும் என்று பயமுறுத்துவார்கள். சிகிச்சை முடிந்து போதிய இடைவெளி விட்டுத் தரிக்கும் கர்ப்பத்தில் அந்த ஆபத்து கூடுவதாகத் தெரியவில்லை. ஆனால் ஒன்று. ஏபிவிடியில் 'ஏ' என்பது டாக்ஸோரூபிசின், சிவப்பாக ஏற்றுவார்களே, மறுநாள் சிறுநீர்கூடச் சிவப்பாகப் போகுமே, அது. இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து அது, நெஞ்சில் கரண்டும் வைத்திருக்கிறீர்கள். அதனால் கர்ப்பத்துக்கு முன் இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேன் எடுத்துவிட்டு, மகப்பேறு டாக்டரிடம் இதைச் சொல்லியாக வேண்டும். கழுத்துப் பக்கமும் கரண்டு பட்டிருந்தால் வருடம் ஒருமுறை தைராய்டு பாருங்கள். மார்பகப் பரிசோதனையை மற்ற பெண்களைவிட முன்னதாகவே, கரண்டு முடிந்து எட்டு வருடத்தில் ஆரம்பிக்க வேண்டும்.

இதைப் படிக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன். எந்த மருந்து, மொத்தம் எவ்வளவு, எந்த இடத்தில் கரண்டு என்று ஒரே தாளில் சிகிச்சைச் சுருக்கம் எழுதித் தரச் சொல்லி வாங்கி வையுங்கள். போனிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்துப் பார்க்கப்போகும் டாக்டருக்கு அந்தத் தாள்தான் உதவும்.

கீமோவுக்கு முன் விந்தைச் சேமித்து வைக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. இனி எனக்கு வாய்ப்பே இல்லையா? இதை யாரிடமும் கேட்க முடியவில்லை. – 29 வயது, கரூர்

சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது வருத்தம்தான். ஆனால் கதவு அடைத்துவிடவில்லை. மருந்தையும் அளவையும் பொறுத்து, பலருக்கு ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்குள் அணுக்கள் திரும்ப வருகின்றன, சிலருக்கு ஐந்து வருடம்கூட ஆகிறது. முடிந்து ஒரு வருடம் கழித்து விந்துப் பரிசோதனை செய்யுங்கள். பூஜ்யம் என்று வந்தால் சில மாதம் விட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் இல்லையென்றால், விரையிலிருந்தே அணுவைத் தேடி எடுக்கும் சிகிச்சை கோவையிலேயே கிடைக்கிறது. "எனக்குத்தான் இல்லையே" என்று நினைத்துப் பாதுகாப்பில்லாமல் இருந்துவிடவும் வேண்டாம். எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பெட் ஸ்கேன் க்ளீன். ஏழு மாதம் ஆகிவிட்டது. ஆனாலும் காலை பத்து மணிக்கே படுக்கத் தோன்றுகிறது. "நோயெல்லாம் போச்சே, இன்னும் என்ன சோம்பல்" என்கிறார் அப்பா. – 31 வயது, பொள்ளாச்சி பக்கம்

இது சோம்பல் இல்லை என்று அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். கீமோவின் அசதி தூங்கினால் தீராது. மாதக் கணக்கில், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் இருக்கும். முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு, தேவைப்பட்டால் எக்கோ பார்த்துவிடுங்கள். மனச்சோர்வும் அசதி மாதிரியே வந்து உட்காரும், அதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

அப்புறம் நடை. படுத்தே இருந்தால் அசதி கூடுகிறது, அளவாக நடந்தால் குறைகிறது. தென்னந்தோப்பு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரம் பத்து மரம் வரை போய்த் திரும்புங்கள். அடுத்த வாரம் பதினைந்து. மோட்டார் ரூம் வரை மூச்சு வாங்காமல் போய்வர முடிந்தால் எனக்கு எழுதுங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது இலக்கு, அதை ஆறு மாதத்தில் தொட்டால் போதும்.

படித்தது மனசில் நிற்பதில்லை. ஒரு செமஸ்டரில் மூன்று அரியர். மூளை போய்விட்டதா? – 21 வயது, ஈரோடு

போகவில்லை. கீமோவுக்குப் பின் கவனமும் ஞாபகமும் கொஞ்ச நாள் மந்தமாக இருப்பது பலருக்கும் உண்டு, பெரும்பாலும் மெல்லத் தெளியும். இருபது நிமிடம் படித்து, எழுந்து நடந்து, மறுபடி உட்காருங்கள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். டாக்டர் கடிதத்தோடு துறைத் தலைவரைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் விஷயம் தெரியாமல்தான் திட்டுகிறார்கள்.

புதிதாக மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது பழைய நோயைச் சொல்லாமல் விடலாமா? – 34 வயது, நாமக்கல்

கூடாது. மறைத்தது தெரிந்தால் பின்னால் க்ளெய்மே கிடைக்காமல் போகலாம். 2024 விதிகளின்படி, ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம்தான். குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கிவிடுங்கள். செக்கப்புக்கு வெளியூர் போகிறவர்களுக்கு ரயிலில் புற்றுநோய்ச் சலுகையும் உண்டு, மருத்துவமனையில் அதற்கான படிவம் கேளுங்கள்.

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ முடிந்து பத்து மாதம் ஆகிறது. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குத் துணையாக ஏதாவது செய்ய வேண்டும் போலிருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது, என்ன பேசுவது? – 33 வயது, கோவை

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 1952-இல் அமெரிக்காவில் தெரீஸ் லாஸர் என்ற பெண், மார்பக அறுவை முடிந்த கையோடு, அதே நிலையில் இருந்த மற்றப் பெண்களைப் படுக்கையருகே போய்ப் பார்க்க ஆரம்பித்தார். இன்று பல நாடுகளில் நடக்கும் 'ரீச் டு ரெகவரி' அப்படி வளர்ந்ததுதான். நம் நாட்டில் இந்தியன் கேன்சர் சொசைட்டியின் 'உகம்' குழுவில், சின்ன வயதில் நோயை வென்றவர்களே அடுத்தவர்களுக்குத் துணையாக நிற்கிறார்கள்.

இன்னும் இரண்டு மாதம் பொறுங்கள். ஒரு வருட ரிவ்யூ முடிந்த பிறகுதான் நான் யாரையும் வார்டுக்கு அனுப்புவேன். உங்கள் கதையை ஐந்து நிமிடத்தில் சொல்லிப் பாருங்கள். கண் கலங்கினால் பரவாயில்லை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை என்றால் இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும். அப்புறம், நீங்கள் சிகிச்சை எடுத்த இடத்திலேயே மருத்துவ சமூகப் பணியாளரையோ வார்டு சிஸ்டரையோ போய்ப் பாருங்கள். அவர்கள் அனுப்பாமல் நீங்களாக யார் படுக்கைக்கும் போகாதீர்கள்.

ஆரம்பத்தில் நானே ஒரு தப்புச் செய்தேன். நல்ல மனசுக்காரப் பெண் ஒருவரைப் பயிற்சி எதுவும் தராமல் அனுப்பினேன். அவர் போய், "எனக்கெல்லாம் ஒண்ணுமே ஆகல, நீ எதுக்குப் பயப்படறே" என்றார். படுக்கையில் இருந்தவளுக்கு அன்று காலையிலிருந்து ஆறு முறை வாந்தி. அதற்கப்புறம் எங்களிடம்கூட வாந்தியைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. தைரியம் சொல்லத்தான் போனார், அவளுக்கு அது அவமானமாகப் போய்விட்டது.

இன்னொரு நாள், கீமோ முடித்த அவிநாசி பக்கத்துப் பையன் ஒருவன், தொப்பியைக் கழற்றவே மாட்டேன் என்று இருந்த பத்தொன்பது வயதுக்காரன் பக்கத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் போனை எடுத்து, மூன்றாவது மாதத்தில் எடுத்த தன் படத்தைக் காட்டினான். சின்னவன் நெடுநேரம் பார்த்துவிட்டு, "புருவம் எப்பண்ணா வந்துச்சு?" என்றான். டாக்டரிடம் யாரும் கேட்காத கேள்வி அது. அடுத்து, எதைச் சாப்பிட்டாலும் தகரம் மாதிரி இருக்கிறது என்றான். "எனக்கும் எவர்சில்வர் தட்டே ஆகல, ஒரு மாசம் வாழை இலையில போட்டுத்தான் அரிசிம்பருப்பு சாப்பிட்டேன்" என்றான் பெரியவன். நீங்கள் பேச வேண்டியது இந்த அளவுதான். கேட்டால் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் கூட இருங்கள்.

மருந்தின் அளவு, எந்த டாக்டர் நல்லவர், நாட்டு மருந்து, இந்த மூன்றிலும் வாயைத் திறக்கக் கூடாது. அங்கே கேட்டது எதையும் வெளியே சொல்லக் கூடாது. நம் ஊரில் யாரைப் பற்றிச் சொன்னாலும் எங்கோ ஓர் ஒரம்பரைக்குப் போய்விடும். சளியோ காய்ச்சலோ இருந்தால் போகாதீர்கள், அவர்களுக்கு வெள்ளை அணு இறங்கியிருக்கும். ஒரு நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள், போனில் பேச நேரம் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது சாவதைப் பற்றிப் பேசினால் ரகசியம் காக்க வேண்டாம், உடனே வார்டில் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், அதையும் கொடுங்கள்.

நீங்கள் பார்த்துவந்த ஒருத்தி இறந்தும் போகலாம். அது நடக்கும். அப்போது துக்கத்துக்குப் போவதும் போகாததும் உங்கள் விருப்பம், ஆனால் அந்த வாரமே உங்களை அனுப்பிய சிஸ்டரிடம் வந்து உட்கார்ந்து பேசுங்கள். அடுத்தவளைப் பார்க்க எப்போது தெம்பு வருகிறதோ அப்போது வந்தால் போதும்.

முதல் நாள் பழம், பூ எதுவும் வாங்கிப் போக வேண்டாம், சில வாசனையே குமட்டும். சென்ட்டும் போடாதீர்கள். ஒரு ஸ்டூலை இழுத்து, டிரிப் ஏறாத கைப்பக்கமாகப் போட்டு, அவள் தலையைத் திருப்பாமல் உங்களைப் பார்க்கிற மாதிரி உட்காருங்கள்.